அஞ்சி வாழ்ந்த ஊர் – 6: எழுந்து நின்ற நீதிபதி

1630-இல் ஜான் வின்த்ராப்பின் தலைமையில் இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்ட பியூரிட்டன்கள் மாசசூசெட்ஸ் கரையில் இறங்கி பாஸ்டன் நகரத்தை நிறுவியதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கடவுளோடு தாங்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருப்பதாக அவர்கள் நம்பினார்கள். வாக்குத் தவறாமல் நடந்தால் குடியேறிய மண் செழிக்கும். தவறினால் கடவுளின் கோபம் ஊர் முழுவதன் மேலும் இறங்கும். ஒருவன் செய்த பாவத்துக்கு ஊரே பதில் சொல்ல வேண்டிவரும்.

இந்த நம்பிக்கையில் இரண்டு தலைமுறைகள் வாழ்ந்து பழகிய பிறகு பாஸ்டனில் ஒரு வீட்டுக்குள் நடந்தவற்றை இப்போது பார்ப்போம். அந்த வீட்டின் தலைவர் சாமுவேல் சூவல். 1652-இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாக 1661-இல் இங்கே வந்தவர். ஹார்வர்டில் படித்தார். போதகராகப் போகிறார் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் காலனியின் நாணயங்களை அச்சிட்ட ஜான் ஹல்லின் மகள் ஹன்னாவை 1676-இல் மணந்து வணிகரானார். பிறகு நீதிபதியும் ஆனார். 1674 முதல் 1729 வரை அவர் எழுதிய நாட்குறிப்பின் பெரும்பகுதி இன்றும் கிடைக்கிறது. அஞ்சத்தக்க கடவுளை நம்பிய ஒரு மனிதர் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், குழந்தைகளை எப்படி வளர்த்தார், எப்படித் தீர்ப்பு எழுதினார் என்பதையெல்லாம் அதில் படிக்கலாம்.

அவருடைய அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பியூரிட்டன்கள் ஜான் கால்வினின் வழிவந்தவர்கள். யார் மீட்புப் பெறுவார், யார் நரகத்துக்குப் போவார் என்பதை உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தீர்மானித்துவிட்டார் என்பது அவர்களுடைய போதனை. தான தருமத்தாலோ நல்லொழுக்கத்தாலோ அந்தத் தீர்மானத்தை மாற்ற முடியாது. பாவங்களைக் கேட்டு மன்னிப்பு வழங்கும் குருவானவர் அவர்களுக்குக் கிடையாது. பரிந்து பேசப் புனிதர்கள் இல்லை. இறந்துபோனவருக்காகச் செபிக்கும் வழக்கமும் இல்லை. தன் பெயர் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறிய ஒரே வழி, தன் உள்ளத்தைத் தானே துருவிப் பார்ப்பது. சபையில் முழு உறுப்பினராகச் சேர விரும்பியவர், கடவுளின் அருள் தன்னுள் வேலை செய்த விதத்தைச் சபையாரிடம் சொல்லி அவர்களை நம்பவைக்க வேண்டும். அதற்குப் பிறகும் நிம்மதி கிடையாது. எனக்கு மீட்பு நிச்சயம் என்று ஒருவர் அளவுக்கு மீறித் துணிந்தால், அந்தத் துணிவே அவர் ஏமாந்துபோயிருக்கிறார் என்பதற்கு அடையாளமாகலாம்.

இந்த அச்சம் ஓய்வுநாளோடு முடிந்துபோகவில்லை. ஓய்வுநாளே சனிக்கிழமை பொழுது சாயும்போது தொடங்கிவிடும். மறுநாள் காலையும் பிற்பகலும் ஆராதனை. கடுங்குளிரிலும் ஆலயத்தில் கணப்பு எரியாது. கிறிஸ்துமஸ் கொண்டாட வேதாகமத்தில் கட்டளை இல்லை என்பதால் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது. சட்டம் நீங்கிய பிறகும், டிசம்பர் 25 அன்று கடைகள் திறந்திருக்கின்றன, வண்டிகள் வழக்கம்போல் ஊருக்குள் வருகின்றன என்று சூவல் மனநிறைவோடு குறித்துவைத்தார். பஞ்சமோ, கொள்ளைநோயோ, போரில் தோல்வியோ வந்தால் அரசே உபவாச நாள் அறிவிக்கும். கடைகளை மூடிவிட்டு எல்லோரும் ஆலயத்தில் கூடி, எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று ஆராய்வார்கள்.

பள்ளிக்கூடமும் இந்த அச்சத்திலிருந்தே பிறந்தது. வேதத்தைப் படிக்கத் தெரியாதவனைப் பிசாசு எளிதில் ஏமாற்றிவிடுவான் என்று காரணம் காட்டித்தான், ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1647-இல் சட்டம் செய்தார்கள். கடைத்தெருவுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. ராபர்ட் கெய்ன் என்ற பாஸ்டன் வணிகர் ஆணி, பொத்தான் போன்ற சரக்குகளுக்கு நியாயத்துக்கு மீறிய விலை வாங்கினார் என்று 1639-இல் வழக்கு நடந்தது. இருநூறு பவுண்ட் அபராதம் போட்டுப் பின்னர் எண்பதாகக் குறைத்தார்கள். சபையும் அவரைக் கண்டித்தது. அவர் சபையார் முன்னிலையில் கண்ணீரோடு தன் பேராசையை ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த அவமானம் ஆறவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய தன் நீண்ட உயிலில் பக்கம் பக்கமாகத் தன் தரப்பை நியாயப்படுத்திக்கொண்டிருந்தார்.

சூவலின் நாட்குறிப்புக்கு வருவோம். 1695 ஏப்ரல் 29. காலையில் நல்ல வெயில். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் இடியும் மின்னலும் சேர்ந்துகொள்ள, துப்பாக்கிக் குண்டு பருமனில் ஆலங்கட்டி கொட்டியது. சூவலின் புது வீட்டு முகப்பில் ஏறத்தாழ 480 கண்ணாடிச் சில்லுகள் நொறுங்கின. அன்று அவர் வீட்டில் விருந்துண்ண வந்திருந்தவர் பாஸ்டனின் புகழ்பெற்ற போதகர் காட்டன் மேதர். மற்றவர்கள் வீடுகளைவிடப் போதகர்களின் வீடுகளே கணக்கில் கூடுதலாக மின்னலுக்கு இலக்காகின்றன, இதன் மூலம் கடவுள் என்ன சொல்ல வருகிறார் என்று அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கண்ணாடிகள் உடைந்தன. உடனே இருவரும் செபம் செய்தார்கள். வீட்டின் எளிதில் உடையும் பகுதியைக் கடவுள் உடைத்துவிட்டார். களிமண்ணாலான இந்த உடல் உடையும் நாளுக்கும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே அந்தச் செபத்தின் சாரம்.

1707 ஜூனில் ஒருநாள், மனம் மந்தமாக இருக்கிறது, ஆன்மிகக் காரியங்களில் ஈடுபாடு வரவில்லை, கடவுள் என்னை உசுப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படுத்தார். விடிவதற்குள் திருடர்கள் வீட்டை உடைத்து இருபது பவுண்ட் பெறுமான வெள்ளிப் பாத்திரங்களை அள்ளிப் போயிருந்தார்கள். அவருடைய கரண்டியும் கத்தியும் கழுத்துத்துணியும்கூடப் போய்விட்டன. நான் கேட்ட வேண்டுதலுக்கு இதுதானே பதில் என்று எழுதிய சூவல், கிறிஸ்துவுக்கு வரவேற்பும் சொன்னார்.

இந்த மனத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆலங்கட்டியும் திருட்டும் தற்செயல் என்று கடந்துபோகக்கூடிய இடத்தில், இதில் எனக்கு என்ன செய்தி இருக்கிறது என்று நின்று கேட்டவர் அவர். அந்தப் பழக்கம் அவருக்குள் ஓர் உள்விசாரணை மன்றத்தை இடைவிடாமல் நடத்திக்கொண்டிருந்தது. அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய குற்றத்தை அவரே கண்டுபிடித்ததும் அந்த மன்றத்தில்தான். ஆனால் அதே வீட்டில், அதே மேசையைச் சுற்றிக் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

1690 ஜனவரி. ரிச்சர்ட் டம்மர் என்ற ஒன்பது வயதுச் சிறுவன் பெரியம்மையில் இறந்துபோனான். சூவல் தன் மகன் சாமை அழைத்துச் செய்தியைச் சொல்லி, நீயும் சாவுக்கு ஆயத்தப்பட வேண்டும் என்று அறிவுரை சொன்னார். சாமுக்கு வயது பதினொன்று. அவன் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பிறகு, பரமண்டல செபம் சொல்லும்போது பீறிட்டு அழுதான். என்னவென்று கேட்டதற்கு, செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றான். தகப்பன் அவனோடு சேர்ந்து செபித்து, ஆறுதலான வசனங்களைப் படித்துக்காட்டினார்.

1696 ஜனவரி 13 அன்று நடந்தது இதைவிடக் கடுமையானது. சூவல் வீடு திரும்பியபோது மனைவி வாசலிலேயே வந்து செய்தி சொன்னாள். பதினான்கு வயது மகள் பெட்டி நாளெல்லாம் சோர்ந்திருந்தாள். சாப்பாடு முடிந்த சற்று நேரத்தில் திடீரென்று வாய்விட்டுக் கதறினாள். வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டார்கள். நரகத்துக்குப் போய்விடுவேன், என் பாவங்கள் மன்னிக்கப்படவில்லை என்பதுதான் அவள் சொன்ன காரணம். நார்ட்டன் என்ற போதகரின் பிரசங்கம் ஒன்றைப் படித்ததில் தொடங்கிய பயம் அது. என்னைத் தேடுவீர்கள், காணமாட்டீர்கள் என்ற பொருளில் யோவான் சுவிசேஷத்தில் வரும் எச்சரிக்கை அவள் மனத்தில் தைத்துவிட்டது. சபைப் போதகர் சாமுவேல் வில்லார்டை வரவழைத்துச் செபிக்கச் செய்தார்கள். பயம் போகவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, தகப்பன் எழுந்தவுடனேயே அவரிடம் வந்து, நான் தேர்ந்தெடுக்கப்படாதவள் என்றாள். மீட்பில் நம்பிக்கையிழந்து 1548-இல் இறந்த ஸ்பியரா என்ற இத்தாலிய வழக்கறிஞரைப் போலத் தானும் ஆகிவிட்டதாகச் சொன்னாள். சூவல் தனக்குத் தெரிந்த மட்டும் தேற்றினார். இருவரும் கண்ணீர் வடித்துச் செபித்தார்கள். மே மாதத்திலும், வேதாகமத்தில் தன் பங்கு அதிகாரத்தை வாசிக்க முடியாமல் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சூவல் கொடுமைக்காரத் தகப்பன் அல்ல. நாட்குறிப்பின் ஒவ்வொரு வரியிலும் பாசம் தெரிகிறது. ஹன்னாவுக்குப் பிறந்த பதினான்கு பிள்ளைகளில் பாதிக்கு மேல் குழந்தைப்பருவம் தாண்டவில்லை. சாவு எந்த வாரம் வேண்டுமானாலும் வரக்கூடிய வீட்டில் பிள்ளையை அதற்கு ஆயத்தப்படுத்தாமல் விடுவதுதான் கொடுமை என்று அவர் நினைத்தார். ஆனால் தன்னை ஆராய்ந்துகொள்ளும் வலிமை பெரியவருக்கு உண்டு. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த ஆராய்ச்சியின் முடிவில் தெரிந்தது நெருப்பு மட்டுமே.

பெட்டி விதிவிலக்கு அல்ல. மைக்கேல் விகிள்ஸ்வொர்த் என்ற போதகர் 1662-இல் வெளியிட்ட ‘தீர்ப்பு நாள்’ என்ற நெடும்பாட்டு காலனியில் விற்றுத் தீர்ந்தது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். சிசுவாகவே இறந்த, தேர்ந்தெடுக்கப்படாத குழந்தைகளுக்கும் அதில் நரகம்தான் தீர்ப்பு. நரகத்திலேயே துன்பம் குறைந்த அறை என்பது மட்டுமே அவர்களுக்குக் காட்டப்பட்ட சலுகை. அதற்கும் முன்பு, 1637-இல், ஜான் வின்த்ராப் தன் குறிப்பேட்டில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். தனக்கு மீட்பு உண்டா என்ற கவலையில் மனமுடைந்த பாஸ்டன் சபைப் பெண் ஒருத்தி, ஒருநாள் தன் கைக்குழந்தையைக் கிணற்றில் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தாள். இனி நான் நரகத்துக்குப் போவது உறுதி என்றாள். ஓடிப்போய்க் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். உறுதியின்மையைத் தாங்க முடியாத ஒரு மனம், நரகத்தையாவது உறுதியாக்கிக்கொள்ளலாம் என்ற இடத்துக்குப் போய்விட்டது.

தன்னுள் பாவத்தைத் தேடிய அதே கண், 1692-இல் அடுத்த வீட்டுக்காரரைப் பார்க்கத் தொடங்கியது. காலனி அப்போது கலங்கிப்போயிருந்தது. 1675-76-இல் பூர்வகுடிகளோடு நடந்த போரில் பல ஊர்கள் எரிந்தன. 1684-இல் அரசப் பட்டயம் பறிபோனது. வடக்கு எல்லையில் மறுபடியும் போர். கடவுள் நம்மேல் கோபமாக இருக்கிறார் என்று எல்லா ஆலயங்களிலும் பிரசங்கம். அந்தச் சமயத்தில் சேலம் கிராமத்தில் சில சிறுமிகள் வலிப்பு வந்ததுபோலத் துடித்து, இன்னின்னார் சூனியத்தால் எங்களை வதைக்கிறார்கள் என்று பெயர் சொன்னார்கள். ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் ஒரு சிறப்பு நீதிமன்றம் அமைத்தார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவுட்டன். நீதிபதிகளில் ஒருவர் சூவல்.

குற்றம் சாட்டப்பட்டவரின் உருவம் ஆவியாக வந்து தன்னைக் குத்தியது, கிள்ளியது என்று பாதிக்கப்பட்டவர் சொன்னால், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அந்த உருவத்தையும் நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். வழக்காடவே மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரியின் மார்பில் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலும் சிலர் இறந்தார்கள்.

இந்தப் படுகொலையில் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் ஒன்று உண்டு. நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பேச்சில் நிலைத்து நின்றவர்களில் ஒருவரையும் 1692-இல் தூக்கிலிடவில்லை. மறுத்தவர்கள்தான் செத்தார்கள். ஒரே ஒரு பொய் சொன்னால் உயிர் பிழைக்கலாம். ஏன் சொல்லவில்லை? பொய் சொல்லிப் பிழைத்தால் கடவுளின் தீர்ப்பிலிருந்து யார் காப்பாற்றுவார் என்று அவர்கள் அஞ்சினார்கள். எழுபத்தொரு வயது ரெபெக்கா நர்ஸ் அப்படித்தான் இறந்தார். அவருடைய தங்கை மேரி ஈஸ்டி தூக்குக்கு முன் நீதிபதிகளுக்கு மனு எழுதினார். தன் உயிருக்காக அவர் கெஞ்சவில்லை. நான் சாகத்தான் போகிறேன், குற்றமற்றவர்களின் இரத்தம் இனியாவது சிந்தாமல் பாருங்கள் என்பதே அவர் கேட்டது. மார்கரெட் ஜேக்கப்ஸ் என்ற இளம்பெண் பயந்துபோய் ஒப்புக்கொண்டு, சொந்தத் தாத்தாவையும் ஜார்ஜ் பரோஸ் என்ற போதகரையும் காட்டிக்கொடுத்தாள். பிறகு மனச்சாட்சி உறுத்த, நான் சொன்னதெல்லாம் பொய் என்று தானே எழுதிக்கொடுத்தாள். தாத்தாவும் பரோஸும் ஆகஸ்ட் 19 அன்று தூக்கில் தொங்கினார்கள். அவள் விசாரணை தள்ளிப்போனதால் உயிர் தப்பினாள். சாமுவேல் வார்ட்வெல் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார்; அவரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். நீதிபதிகளின் கையில் கயிறாக இருந்த அதே கடவுள் பயம், குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுக்கு மனிதருக்கு அஞ்சாத துணிவாக இருந்தது.

அக்டோபரில் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். ஊர் வாயை மூடிக்கொண்டது. சூவலால் மூடிக்கொள்ள முடியவில்லை. 1696 மே மாதம் அவருக்கு ஓர் ஆண்குழந்தை இறந்தே பிறந்தது. டிசம்பர் 23 அன்று இரண்டு வயது மகள் சாரா இறந்துபோனாள். மறுநாள் மகன் சாம் மத்தேயு சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் ஒரு பகுதியை லத்தீனில் ஒப்பித்தான். பலியைவிட இரக்கத்தையே கடவுள் விரும்புகிறார், அது தெரிந்திருந்தால் குற்றமற்றவர்களைத் தண்டித்திருக்கமாட்டீர்கள் என்ற பொருள் தரும் ஏழாம் வசனம் வந்தபோது, சேலத்தின் துயரம் தன் முன் பயங்கரமாக எழுந்தது என்று எழுதினார் சூவல். கிறிஸ்துமஸ் நாளன்று சாராவை அடக்கம் செய்துவிட்டு, குடும்பக் கல்லறைக்குள் இறங்கி, அங்கே வரிசையாக இருந்த தன் பிள்ளைகளின் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

1697 ஜனவரி 14 மாகாணம் முழுவதற்கும் உபவாச நாள். சேலத்தில் நேர்ந்திருக்கக்கூடிய தவறுகளுக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்பதும் அந்த நாளின் நோக்கம். பாஸ்டனின் தெற்குச் சபை ஆலயத்தில், போதகர் வில்லார்ட் பக்கமாக வந்தபோது சூவல் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். விசாரணை நடந்த ஆண்டிலேயே ஆவி உருவத்தைச் சாட்சியமாக ஏற்ற முறையைக் குறைகூறி எழுதியவர் வில்லார்ட். அவர் தாளைப் படிக்கத் தொடங்கியதும், நாற்பத்து நான்கு வயது நீதிபதி சபையார் எல்லோரும் பார்க்க எழுந்து நின்றார். தன் மேலும் தன் குடும்பத்தின் மேலும் கடவுளின் அடி திரும்பத் திரும்ப விழுவதையும், சேலம் நீதிமன்றத்தில் சேர்ந்த குற்றத்தில் தன் பங்கையும் உணர்வதாக அதில் எழுதியிருந்தார். அந்தப் பழியையும் வெட்கத்தையும் தானே ஏற்பதாகவும், மனிதர்களிடம் மன்னிப்பும் கடவுளிடம் இரக்கமும் கேட்பதாகவும், தன் பாவத்துக்காகத் தன் வீட்டாரையோ நாட்டையோ தண்டிக்க வேண்டாம் என்றும் இருந்தது. படித்து முடித்ததும் தலைவணங்கி அமர்ந்தார். சேலம் நடுவர் குழுவினர் பன்னிரண்டு பேரும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். தலைமை நீதிபதி ஸ்டவுட்டன் 1701-இல் இறக்கும்வரை வாய் திறக்கவில்லை.

மிச்சமிருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே சூவல் எழுந்து நின்றார் என்று கேட்கலாம். அந்தப் பயம் இருந்தது உண்மைதான். அவரே அதை மறைக்கவில்லை. ஆனாலும் அதிகாரத்தில் இருந்த ஒருவர், யாரும் வழக்குப் போடாமல், யாரும் வற்புறுத்தாமல், சொந்தத் தீர்ப்பைத் தவறு என்று ஊரறியச் சொல்வது எந்த நூற்றாண்டிலும் அரிது. கேட்கவேண்டிய கேள்வியை அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. 1700-இல் ‘யோசேப்பை விற்றல்’ என்ற சிறு வெளியீட்டை அச்சிட்டார். அடிமை வணிகத்தைக் கண்டித்து நியூ இங்கிலாந்தில் வெளிவந்த முதல் நூல் அது. எல்லோரும் ஆதாமின் பிள்ளைகள், எல்லோருக்கும் விடுதலைக்குச் சம உரிமை உண்டு, மனிதனைத் திருடுவது மோசேயின் சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றம் என்று வாதிட்டார். கறுப்பின மக்கள் வெள்ளையரோடு ஒரே சமூகமாகக் கலந்துவாழ முடியாது என்ற எண்ணம் அதிலேயே இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய உள்விசாரணை அந்தச் சுவரைத் தாண்டவில்லை.

பெட்டி 1700-இல் திருமணம் செய்துகொண்டாள், பிள்ளைகள் பெற்றாள், 1716-இல், முப்பத்து நான்கு வயதில் இறந்தாள். அவளையும் அவள் தகப்பனையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகப் புரியும். இருவரும் நம்பியது ஒரே கடவுளை, படித்தது ஒரே வேதத்தை. உயிரும் சாவும் எழுதும் பேனாவைக் கையில் வைத்திருந்த நீதிபதியை அந்த அச்சம் தன் அதிகாரத்துக்கு மேல் ஒரு தீர்ப்பு உண்டு என்று நினைக்க வைத்தது. அதனால் நீதி உயிர்பிழைத்தது. எந்த அதிகாரமும் இல்லாத சிறுமிக்கு அதே அச்சம் செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே வந்த தண்டனை ஆயிற்று. கடவுளுக்கு அஞ்சு என்று போதிக்கும் யாரும், அதை யாரிடம் போதிக்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வலியவரிடம் சொன்னால் அது எளியவருக்குக் காவல். எளியவரிடமும் குழந்தையிடமும் சொன்னால் அவர்கள் முதுகில் இன்னொரு சுமை. சேலத்தின் நீதிபதிகள் இந்த அச்சத்தைப் பிறர்மேல் ஏவியபோது இருபது பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் அதைத் தன்மேல் திருப்பிக்கொண்டபோதுதான் செத்தவர்களுக்காக ஒரு குரல் எழுந்தது.

சூவல் 1730 ஜனவரி முதல் நாளில் இறந்தார். அடுத்த பதினொரு ஆண்டுகளில், இந்த அச்சத்தை அதுவரை யாரும் பேசாத மொழியில் பேசும் போதகர் ஒருவர் நியூ இங்கிலாந்தில் எழுந்தார். 1741 ஜூலை 8 அன்று என்ஃபீல்டு ஊர் ஆலயத்தில் கேட்டவர்கள் எழுப்பிய ஓலத்தில் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்த ஜோனத்தன் எட்வர்ட்ஸின் கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)